19 பேர், ஒரு பெட்ஷீட், ஒரு ராட்டினம்... விருதுநகர் பொருட்காட்சியில் ஒரு மாலை!

பங்குனி பிறந்தால் விருதுநகரில் இரண்டே கேள்விகள்தான். 'பொங்கலுக்கு யாரெல்லாம் வர்றாங்க?', 'பொருட்காட்சிக்கு என்னைக்குப் போறோம்?'

பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் இந்த ஊருக்குத் தீபாவளியைவிடப் பெரிது. சென்னை, பெங்களூரு, திருப்பூர் என்று பிழைக்கப் போனவர்கள் தீபாவளிக்கு லீவு கிடைக்காவிட்டால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். பங்குனிப் பொங்கலுக்கு வராமல் இருக்க மாட்டார்கள். பொங்கல் வைத்து, அக்னிச்சட்டி எடுத்து, உடம்பெல்லாம் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி நேர்த்திக்கடனை முடித்த கையோடு, சாயங்காலமானால் மொத்த ஊரும் போய் நிற்கும் இடம் கே.வி.எஸ். பள்ளி மைதானத்தில் போடப்படும் பொருட்காட்சி.

விருதுநகர் என் அம்மாவின் ஊர். இந்த முறை எங்கள் வீட்டிலிருந்து பொருட்காட்சிக்குக் கிளம்பியவர்கள் 19 பேர். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்த ஒருவனை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். அவன் முகத்தைப் பார்க்காமல் எல்லோரும் செருப்பு மாட்டிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

டெஸ்க்கில் என்னிடம் கேட்டது வேறு. 'பொருட்காட்சியில் மிஸ் பண்ணக் கூடாத 10 அயிட்டங்கள்' என்று ஒரு லிஸ்ட், கூடவே ஒரு நிமிட வீடியோ. அந்த லிஸ்ட்டை இங்கேயே முடித்துவிடுகிறேன். டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, பஞ்சு மிட்டாய். மற்ற ஏழும் எல்லா ஊர்ப் பொருட்காட்சியிலும் கிடைப்பவைதான். நான் எழுத வந்தது என் பெரியம்மாவைப் பற்றி. அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "பேரைப் போடாத. வயசை வேணா போட்டுக்கோ" என்றார். வயது 58.

டப்பா திறக்கும் நாள்

19 பேரைப் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போவதில் முதல் சிக்கல் காசு. நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் அப்பா பர்ஸைத் திறப்பார், முடிந்தது. ஐந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து போகும்போது யார் திறப்பது? ஒரு வீட்டுப் பிள்ளை நாலு ராட்டினம் ஏறி, இன்னொரு வீட்டுப் பிள்ளை கீழே நின்று வேடிக்கை பார்த்தால் அந்த மாலை அப்போதே கெட்டுவிடும். வெளியே யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பத்து வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அந்தப் பேச்சு எழும்.

இதற்கு எங்கள் தாத்தா கண்டுபிடித்த வழி ஒரு பழைய பிஸ்கட் டப்பா. மூடியில் காசு போட ஒரு வெட்டு. பெயர், மகமை டப்பா.

மகமை என்பது இந்த ஊர் மண்ணோடு கலந்த வார்த்தை. மிளகாய், பருப்பு, எண்ணெய் என்று மொத்த வியாபாரத்தில் வளர்ந்த ஊர் இது. வியாபாரத்தில் கிடைப்பதில் ஒரு சிறு பங்கைப் பொதுக்காரியத்துக்கு எடுத்து வைப்பதுதான் மகமை. அதோடு வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து, அதைச் சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அப்படி வளர்ந்ததுதான் காமராஜர் படித்த க்ஷத்ரிய வித்யாசாலா. கே.வி.எஸ். என்ற மூன்று எழுத்துக்கு விரிவு அதுதான். பிடி அரிசியில் நின்ற பள்ளியின் மைதானத்தில் ராட்டினம் சுற்றுவதைப் பார்க்கும்போது, தாத்தா தன் டப்பாவுக்கு ஏன் அந்தப் பெயரை வைத்தார் என்று புரிகிறது.

டப்பா, அம்மாச்சி இருக்கும் பெரிய வீட்டில் சாமி அலமாரிக்குக் கீழ்த்தட்டில் இருக்கும். ஐந்து வீட்டுக்காரர்களும் வந்து போகும்போதெல்லாம் முடிந்ததைப் போடுவார்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதி வைப்பதில்லை. அப்படி எழுதக் கூடாது என்பது தாத்தா போட்ட சட்டம். மொத்த மளிகைக் கடை வைத்திருக்கும் பெரிய மாமா, கடையில் பத்து பைசா பிசகாமல் கணக்கு எழுதுகிறவர். இந்த டப்பாவுக்கு மட்டும் அவரிடம் நோட்டு கிடையாது.

பொருட்காட்சிக்குப் போகிற அன்று மதியம் டப்பாவைத் திறந்து எண்ணுவார்கள். இந்த வருடம் 11,340 ரூபாய். அதிலிருந்து முதலில் ஏழு பிள்ளைகளுக்கும் தலைக்கு 300. எல்லாருக்கும் ஒரே மாதிரி மூன்று நூறு ரூபாய் நோட்டு. அந்த 300-ஐ அவர்கள் எப்படி வேண்டுமானாலும் செலவு செய்யலாம். தீர்ந்துவிட்டால் யாரும் மேற்கொண்டு தரக் கூடாது. பெற்றவர்களும் தரக் கூடாது.

ஐந்து வீட்டில் ஒரு வீட்டுக்கு இந்த வருடம் சரியாக இல்லை. எந்த வீடு என்று எழுதப் போவதில்லை. அன்று மாலை அந்த மைதானத்தில் ஏழு பிள்ளைகளில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

80 ரூபாய்க் கணக்கு

டிக்கெட் கிழித்து உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது விளக்கு அல்ல, புழுதி. அதற்குப் பிறகு ஜெனரேட்டர் சத்தம். அதற்கும் பிறகுதான் விளக்கு. பங்குனி வெயில் இறங்கியும் தரை சூடு இறங்கவில்லை. ஒரு பக்கம் ராட்டினங்கள், ஒரு பக்கம் தின்பண்டம். நடுவே வளையல் கடை, பீங்கான் ஜாடிக் கடை, 'எதை எடுத்தாலும்' கடை. ஒருவர் மைக்கைக் காதோடு மாட்டிக்கொண்டு, ஒரே அழுத்தில் வெங்காயம் நறுக்கும் மெஷினைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். அவர் கையில் பூவாக நறுக்கும் அந்த மெஷின், நம் வீட்டுக்கு வந்ததும் ஏன் அழுது வடிகிறது என்பது இன்னும் யாரும் விடை காணாத மர்மம். சித்தி இரண்டு வாங்கினார்.

ராட்டினம் எதில் ஏறினாலும் தலைக்கு 80 ரூபாய். பிள்ளைகளுக்கு இது நல்ல கணக்குப் பாடம். மூன்று ராட்டினம் ஏறினால் 240, மீதி 60-க்கு ஒரு அப்பளம். இரண்டு ஏறினால் 140 மிஞ்சும், பொம்மை வாங்கலாம். ஒன்பது வயதுக்காரன் ஒருவன் எந்தக் கணக்கும் போடாமல் நேராகப் பலூன் சுடும் கடைக்குப் போய், இருபதே நிமிடத்தில் 300-ஐயும் சுட்டுத் தள்ளிவிட்டு வந்தான். பரிசாக ஒரு சோப்பு டப்பா. அவன் அம்மா கை பர்ஸுக்குப் போனதை அம்மாச்சி ஒரு பார்வையில் நிறுத்தினார். சட்டம் சட்டம்தான்.

சின்ன மாமா பையன்களைக் கூட்டிக்கொண்டு மரணக்கிணற்றுக்குப் போனார். பலகைகளை அடுக்கி எழுப்பிய பெரிய உருளை. நாம் மேலே விளிம்பில் நின்று எட்டிப் பார்க்க வேண்டும். அடியில் வட்டமடிக்கும் பைக், வேகம் எடுக்க எடுக்கச் சாய்ந்து, சுவரிலேயே ஓட ஆரம்பிக்கும். மாமா லேத்துப் பட்டறை வைத்திருப்பவர், சும்மா பார்க்க விட மாட்டார். "வேகமாச் சுத்தச் சுத்த டயர் சுவத்தை அமுக்கும். அந்த அமுக்கத்துலதான் டயர் பலகையைப் பிடிச்சு நிக்குது. வேகம் குறைஞ்சா பிடி விட்டுப் போயிரும்" என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே, பைக்காரர் கையை விட்டுவிட்டு வந்து மேலே நீட்டியிருந்த பத்து ரூபாய் நோட்டைப் பறித்துக்கொண்டு போனார். விதி புரிந்தாலும் வயிற்றைப் பிசைவது நிற்கவில்லை.

கொலம்பஸ் கப்பலுக்கும் மாமாவிடம் விளக்கம் உண்டு. கப்பலின் அடிவயிற்றில் ஒரு டயர் உரசி உரசித் தள்ளுகிறது. ஊஞ்சலை நாம் சரியான நேரத்தில் தள்ளித் தள்ளி உயர்த்துவது போலத்தான். குனிந்து பார்த்தேன், நிஜமாகவே டயர்!

பெட்ஷீட்டில் ஒருவர்

இத்தனை நேரமும் பெரியம்மா எங்கே இருந்தார்?

மைதானத்தின் ஓரம், ஒரு டியூப்லைட் கம்பத்தடியில், நீலப் பூப்போட்ட பெட்ஷீட்டில். பக்கத்தில் பிளாஸ்டிக் சேரில் 81 வயது அம்மாச்சி. சுற்றிலும் பைகள். தண்ணீர் கேன், முறுக்கு டப்பா, மாற்று டிராயர், அம்மாச்சியின் மாத்திரை, இரண்டு பேரின் ஹெல்மெட், சித்தி வாங்கிய இரண்டு வெங்காய மெஷின், ஏழு பிள்ளைகளின் செருப்பு. வந்து வந்து சாமானைப் போட்டுவிட்டு ஓடினார்கள். "பெரியம்மா, இதைப் பார்த்துக்கோங்க." "அக்கா, இந்தா." "மதினி, இது உடையிற சாமான், பார்த்து."

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பெரியம்மா அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். பெட்ஷீட் மட்டும் மாறியிருக்கிறது. எந்தப் பெரிய குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார், உங்கள் வீட்டிலும் இருப்பார். கடற்கரைக்குப் போனால் அலையில் கால் நனைக்காமல் மணலில் பையோடு உட்கார்ந்திருப்பார். அருவிக்குப் போனால் எல்லோரின் துணியையும் மடியில் வைத்திருப்பார். குரூப் போட்டோவில் இருக்க மாட்டார். ஏனென்றால் போட்டோ எடுப்பதற்கு முன் எல்லோரும் தங்கள் சாமானை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

காசு விஷயத்தில் இவ்வளவு நுணுக்கமாக யோசித்து டப்பா வைத்த குடும்பம், இந்த இடத்தைப் பற்றி ஒரு முறைகூட யோசித்ததில்லை. அதற்கு மகமை கிடையாது. யாருடைய முறை என்ற கேள்வியே எழவில்லை.

காணாமல் போனவன்

ஏழரை மணி இருக்கும். சின்ன மாமாவின் ஐந்து வயதுப் பையனைக் காணவில்லை.

மிக்கி மவுஸ் பலூனில் குதித்துவிட்டு இறங்கினான். செருப்பில்லாமல் நின்றான். அத்தை சில்லறை வாங்கத் திரும்பினார். அவ்வளவுதான். கூட்டத்தில் குழந்தை தொலைவதற்கு ஐந்து நிமிடம் தேவையில்லை, சில்லறை வாங்கும் நேரம் போதும்.

பிறகு நடந்ததையெல்லாம் நினைத்தால் இப்போதும் கை சில்லிடுகிறது. அப்பா வாசலுக்கு ஓடினார், வெளியே போகும் பிள்ளைகளைப் பார்க்க. பெரிய மாமா மைக் அறிவிப்புக்குப் போனார். சித்தப்பா போலீஸ் உதவி மையத்துக்கு. நான் ராட்டினம் ராட்டினமாக. அத்தை நின்ற இடத்திலேயே நின்று பெயரைக் கத்தினார். ஜெனரேட்டர் சத்தத்தில் அது பக்கத்துக் கடைக்குக்கூடக் கேட்டிருக்காது. போலீஸ்காரர் கேட்ட முதல் கேள்வி, "இன்னைக்கு எடுத்த போட்டோ இருக்கா?" என்னிடம் ஒரு நிமிட வீடியோவுக்காக எடுத்த நாற்பது கிளிப் இருந்தது. அப்பளம் இருந்தது, விளக்கு இருந்தது. அவன் இருந்த ஒரே கிளிப்பில் முதுகு மட்டும்.

பதினைந்து நிமிடம் கழித்து மைக்கில் அவன் பெயர் இரண்டாம் முறை ஒலித்தபோது, பெரியம்மா பெட்ஷீட்டிலிருந்து எழுந்து நின்று, "இங்கதான இருக்கான், எதுக்குக் கத்துறாங்க?" என்று அம்மாச்சியிடம் கேட்டிருக்கிறார். அவன் பத்து நிமிடமாக அங்கே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான். பெரியம்மாவின் போன் பைக்குள் எங்கோ அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"வழி தெரியலைன்னா லைட்டு கம்பத்துகிட்ட பெரியத்தை இருப்பாங்க, அங்க போயிரணும்னு அக்கா சொல்லிருக்கா" என்றான் அவன். அக்கா என்றால் அவனுடைய சொந்த அக்கா. வயது 12.

நாங்கள் அத்தனை பேர் நாலாபக்கமும் ஓடினோம். அவனைக் காப்பாற்றியது ஓடாமல் ஒரே இடத்தில் இருந்த ஒருவர். அதனால், குடும்பமாகப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது. உள்ளே நுழைந்ததும் நகராத அடையாளம் ஒன்றைக் காட்டி, 'காணோம்னா இங்க வா' என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். பலூன்காரரை அடையாளமாகச் சொல்லாதீர்கள், அவர் நகர்ந்துவிடுவார். சின்னப் பிள்ளைகளின் கையில் பால்பாயின்ட் பேனாவில் போன் நம்பரை எழுதிவிடுங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அன்று போட்டிருக்கும் உடையோடு முகம் தெரிய ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. இதை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்.

"அப்ப நீங்க எப்ப ஏறுவீங்க?"

எல்லோரும் பெட்ஷீட்டைச் சுற்றி உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். அத்தை அழுது முடித்து, அவனை ஒரு அடி அடித்து, பிறகு அணைத்துக்கொண்டார். வழக்கமான வரிசைதான். அப்பளம் வந்தது. ஒரு தட்டு அகலத்துக்கு, மிளகாய்ப்பொடி தூவி.

அப்போதுதான் அந்த 12 வயதுக்காரி கேட்டாள். "பெரியத்தை, நீங்க ராட்டினம் ஏற மாட்டீங்களா?"

"எனக்கெதுக்குத்தா?"

"சின்ன வயசுல ஏறிருக்கீங்களா?"

பெரியம்மா அப்பளத்தை ஒடித்துக்கொண்டே, ஏதோ மளிகை லிஸ்ட் சொல்வது போலச் சொன்னார். "வயசுப் பிள்ளையா இருந்தப்ப, பாவாடை பறக்கும், ஏறக் கூடாதுன்னாங்க. கல்யாணமானதும் கைப்பிள்ளை. அப்புறம் மாமியார் கூட வருவாங்க, அவுகளைத் தனியா விட முடியாது. அப்புறம் உங்க அப்பா, சித்தப்பா பிள்ளைகளெல்லாம் சின்னது. இப்ப முழங்கால்."

யாரும் பேசவில்லை. அம்மா என்னைப் பார்த்தார், நான் அப்பளத்தைப் பார்த்தேன். 'பாவாடை பறக்கும்' என்று அன்று சொன்னவர் அம்மாச்சியாகத்தான் இருக்க வேண்டும். அவர் சேரில் உட்கார்ந்து மாத்திரை டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அந்தப் பிள்ளை தன் சின்ன பர்ஸைத் திறந்தாள். அவள் அதுவரை ஏறியது இரண்டு ராட்டினம்தான். மீதி 140. அதிலிருந்து 80-ஐ எடுத்துப் பெட்ஷீட்டில் வைத்தாள். "இது உங்க டிக்கெட்."

பெரிய மாமா சிரித்துக்கொண்டே, "சரித்தா, அக்கா போயிட்டா இத்தனை பையை யார் பார்க்கிறது?" என்றார். நிஜமாகவே அது ஒரு கேள்விதான், சற்றுமுன் ஒரு பிள்ளை திரும்பி வந்த இடம் அது. காலியாக விட முடியாது.

"நீங்கதான் பெரியப்பா" என்றாள்.

போல்ட்டைப் பார்த்த மாமா

பெரியம்மா எழுந்திருக்கப் பத்து நிமிடம் ஆனது. வேண்டாம் என்றார், முட்டி என்றார், புடவை என்றார். கடைசியில் "தலை சுத்துனா இறக்கிவிடச் சொல்லணும்" என்ற நிபந்தனையோடு எழுந்தார். முழங்கால் வலி மட்டும்தான், வேறு தொந்தரவு கிடையாது. இதயப் பிரச்னை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஆசைக்குக்கூட ஏறக் கூடாது.

சின்ன மாமா மட்டும் டிக்கெட் கவுன்ட்டருக்குப் போகாமல் ராட்டினத்தின் காலடிக்குப் போனார். குனிந்து பார்த்தார், சுற்றி வந்தார். அவர் என்ன பார்த்தார் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். கால்களுக்கு அடியில் கொடுத்திருக்கும் மரக்கட்டைகள் தரையில் ஒரே மட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா, சுற்றும்போது அவை அசைகின்றனவா; பெட்டியைத் தாங்கும் பின்னில் பூட்டு ஊசி போட்டிருக்கிறதா, இல்லை கம்பியை முறுக்கி விட்டிருக்கிறார்களா; மடியில் விழும் கம்பி நிஜமாகப் பூட்டுகிறதா; ஒயர் ஜாயின்ட் எதுவும் தரையில் கிடக்கிறதா. எல்லாவற்றுக்கும் மேல், ஆபரேட்டர் போனில் பேசிக்கொண்டிருக்கிறாரா. இதில் எதுவும் சரியில்லை என்றால், 80 ரூபாயை மறந்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்றார்.

அளவுக்கு மீறிய பயம் என்று நினைக்காதீர்கள். 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊசல் ராட்டினம் முறிந்து இரண்டு பேர் இறந்தார்கள். 2022 செப்டம்பரில் மொஹாலி பொருட்காட்சியில் உயரத்திலிருந்து இறங்கும் ராட்டினம் ஆட்களோடு கீழே விழுந்து பலர் காயமடைந்தார்கள். ஊர் ஊராகக் கழற்றி மாட்டும் இயந்திரம் ஒவ்வொரு ஊரிலும் புதிதாகப் பிறக்கிறது. ஒவ்வொரு முறையும் அத்தனை போல்ட்டையும் யாரோ ஒருவர் கையால் முடுக்க வேண்டும்.

அந்தக் கைகளில் ஒன்றோடு பேச முடிந்தது. வடமாநில இளைஞர், பாதி தமிழ், பாதி இந்தி. இந்த ஊர் முடிந்ததும் லாரியில் ஏற்றிக்கொண்டு அடுத்த திருவிழாவுக்குப் போவார்களாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பங்குனி, சித்திரை, வைகாசி என்று மொத்த சீசனும் போய், ராட்டினத்தைக் கழற்றிப் போட்ட இடத்திலேயே துருப்பிடித்ததைச் சொன்னார். பேசிக்கொண்டே பெட்டிகளில் ஆள் ஏற்றினார். ஒரு பெட்டியை நிரப்பியதும் பக்கத்துப் பெட்டியை நிரப்பவில்லை. அரை வட்டம் சுற்றி எதிர்ப்பெட்டியை நிரப்பினார். ஒரே பக்கம் எடை சேர்ந்தால் சக்கரம் இழுக்குமாம். தராசு தட்டு போல இரண்டு பக்கமும் சரிபார்த்துக்கொண்டே போக வேண்டும்.

1893-ல் சிகாகோ கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெர்ரிஸ் என்ற இன்ஜினீயர் 264 அடி உயரத்துக்கு நிறுத்திய சக்கரம்தான் இப்போதுள்ள ஜயன்ட் வீல்களுக்கெல்லாம் மூத்தது. 36 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 60 பேர் ஏறலாம். அம்மாச்சிக்கு இதையெல்லாம் சொன்னபோது, "எங்க காலத்துல நாலு மரப்பெட்டி. ஒருத்தன் கையால தள்ளிவிடுவான். அரையணா" என்றார். சற்றுப் பொறுத்து, "நான் ஏறிருக்கேன்" என்றார். அம்மாச்சி ஏறியிருக்கிறார்! மகளைத்தான் ஏறவிடவில்லை. அதை அவரிடம் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. பெரியம்மா கிளம்பும்போது, "புடவையை நல்லாச் சொருகிக்க" என்று மட்டும் சொன்னார்.

மேலே

ஒரு பெட்டியில் நான்கு பேர். பெரியம்மா, அந்தப் பன்னிரண்டு வயது, அம்மா, நான். கம்பி பூட்டியது. பெரியம்மா அதை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். தம்பி சொல்லிக் கொடுத்திருந்தான்.

முதல் சுற்றில் கண்ணைத் திறக்கவில்லை. மாரியம்மாளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாம் சுற்றில் இறங்கும்போது வயிறு காலியாகும் அந்த இடத்தில் என் கையைப் பிடித்த பிடியில் என் வாட்ச் பதிந்துவிட்டது. மூன்றாம் சுற்றில் எங்கள் பெட்டி உச்சியில் நின்றது. கீழே ஆள் மாற்றிக்கொண்டிருந்தார்கள். காற்று நன்றாக அடித்தது. கீழே இருந்த புழுதி, சத்தம், எண்ணெய் வாடை எதுவும் அங்கே இல்லை.

பெரியம்மா மெதுவாகக் கண்ணைத் திறந்தார். ஊர் முழுக்க விளக்கு. கோயில் பக்கம் வெளிச்சம் வழிந்துகொண்டிருந்தது. ரயில் பாதையில் ஒரு நீள ரயில் சத்தமில்லாமல் ஊர்ந்தது. 58 வருடம் குடியிருக்கும் ஊரை அவர் மேலிருந்து பார்ப்பது அதுதான் முதல் முறை. நான் போனை எடுத்து ரெக்கார்டு போட்டேன். ஏதாவது சொல்வார், டெஸ்க்குக்கு நல்ல கிளிப் கிடைக்கும் என்று காத்திருந்தேன்.

"அது நம்ம வீடுதான?" என்று விரலை நீட்டினார். "மாடியில துணி எடுக்கல பாரு. எவ்வளவு நேரமா காயுது."

நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் பெட்டி ஆடியது. ஆடியதும் மறுபடி மாரியம்மாள்.

இறங்கியபோது ஆபரேட்டர் கை கொடுத்தார். பெரியம்மா ஒரு நிமிடம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நேராக பெட்ஷீட்டுக்கு நடந்தார். அங்கே பெரிய மாமா, மூன்று ஹெல்மெட்டுகளுக்கு நடுவே (ஒன்று எங்கள் வீட்டுடையதே அல்ல), முகத்தில் ஒரு திகிலோடு உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை நேரம் ஆச்சு தெரியுமா? ஒன்னு தண்ணி கேக்குது, ஒன்னு பாத்ரூம்ங்குது. யாரோ ஒரு அம்மா வந்து, பத்து நிமிஷம் பார்த்துக்கோங்கண்ணேன்னு இந்த ஹெல்மெட்டை வச்சுட்டுப் போயிருச்சு."

"இருபது நிமிஷம்தாண்டா ஆச்சு" என்றார் பெரியம்மா.

பெரிய மாமா பாக்கெட்டிலிருந்து கடை நோட்டைக் கிழித்து ஏதோ எழுத ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். அடுத்த வருடத்துக்கு, அரை மணிக்கு ஒருவர் என்று 12 பெரியவர்களின் பெயர். முதல் பெயர் அவருடையது. அம்மாச்சி பெயரையும் எழுதியிருந்தார். கேட்டதற்கு, "அவ எப்படியும் சேர்லதான உக்காந்திருக்கா, ஒரு கணக்குக்கு இருக்கட்டும்" என்றார். நம்பலாமா என்றால், எனக்குத் தெரியாது. டப்பாவுக்கு நோட்டு போடாதவர், இதற்கு நோட்டு போடுகிறார் என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

இரவு பத்து மணிக்கு எண்ணெய் புரோட்டாக் கடையில் 19 பேருக்கு இடம் பிடிப்பது தனிக் கதை. மூன்று மேஜையாகப் பிரிந்து உட்கார்ந்தோம். பிய்த்துப் போட்ட புரோட்டாவில் சால்னா ஊற்றிக்கொண்டிருந்தபோது, பெரியம்மா அடுத்த மேஜையில் இருந்த சின்ன மாமாவை அழைத்தார்.

"ஏப்பா, அந்தக் கப்பல்ல டயரு தள்ளுதுன்னியே, அது நிக்கச் சொன்னா உடனே நிக்குமா, இல்ல ஆடி அடங்குறதுக்கு நேரமாகுமா?"

"ஆடித்தான் அடங்கும்க்கா. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்" என்றவர், அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தட்டில் இன்னொரு புரோட்டாவை எடுத்து வைத்தார். "பொருட்காட்சி இன்னும் எத்தனை நாள் இருக்கு?"